கவுன்சிலின் புது ஹோம் கேர் ஒப்பந்தம்: மணிக்கு எவ்வளவு, எப்படி வாங்குவது, கேரர்களை எப்படித் தக்கவைப்பது?

#1 தேம்ஸ்கரை

இங்கிலாந்தில் எங்கள் பரோவில் (உள்ளாட்சிப் பகுதி) ஹோம் கேர் ஒப்பந்தங்கள், அதாவது கேரர்கள் வீட்டுக்கே வந்து கவனிக்கும் சேவையைக் கவுன்சில் நிறுவனங்களிடம் வாங்கும் ஒப்பந்தங்கள், முடியப் போகின்றன. புதியதை எப்படி அமைக்கலாம் என்று கவுன்சில் கருத்துக் கேட்டிருக்கிறது. கேர் பெறுபவர்களும் குடும்பத்தாரும் சேர்ந்த குழு ஒன்றின் சார்பில் பதில் தயாராகிறது. "தரம் வேண்டும், பரிவு வேண்டும்" என்று எழுதிக் கொடுத்தால் கோப்பில் போட்டு மூடிவிடுவார்கள். ஒப்பந்தத்தில் எந்த வரியை மாற்றினால் வாசலில் வந்து நிற்கும் கேரருக்கும் உள்ளே படுத்திருப்பவருக்கும் வித்தியாசம் தெரியும் என்பதுதான் கேள்வி.

2014 கேர் சட்டத்தின் 5-ஆம் பிரிவு உள்ளூர்க் கேர் சந்தையைப் பேணும் பொறுப்பைக் கவுன்சிலிடம் கொடுத்திருக்கிறது. சொந்தக் காசில் கேர் வாங்குபவர்களும் அதில் அடக்கம். நல்ல வேலையாட்கள் உருவாவதையும் கவனத்தில் கொள்ள வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. கவுன்சில்கள் இதைச் செய்கின்றனவா என்று 2023 டிசம்பரிலிருந்து சி.க்யூ.சி (கேர் தரத்தைக் கண்காணிக்கும் ஆணையம்) மதிப்பிடுகிறது. அதனால் எழுத்தில் கேட்பதற்குப் பலன் உண்டு. உள்விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

#2 பேரேடு

விலையிலிருந்து தொடங்குங்கள். மற்றதெல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது.

2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரை, 21 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குச் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு; கணக்கை அதில் போடுகிறேன். "கவுன்சில் நிறுவனத்துக்கு மணிக்கு 22 பவுண்டு தருகிறதே, மீதிப் பத்துப் பவுண்டு யார் பையில் போகிறது?" என்று கேட்பவர்கள் நிறைய. நகர்ப்புற ரோட்டா (கேரர்களின் வேலை அட்டவணை) ஒன்றுக்குக் கணக்கைப் பிரித்துக் காட்டுகிறேன்.

கேரர் வீட்டுக்குள் இருக்கும் ஒரு மணிக்கு 12.21. அந்த ஒரு மணிக்காக வீடு விட்டு வீடு போக 11 நிமிடம் என்று வைத்தால் 2.24. ஆக 14.45. இதன் மேல் விடுமுறைச் சம்பளம் 12.07 சதவீதம், அதாவது 1.74. நோய் விடுப்பு, பயிற்சி நாள், மேற்பார்வைச் சந்திப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து 4 சதவீதம் மட்டும் வைத்தாலும் 58 பென்ஸ். இப்போது 16.77. முதலாளி கட்டும் நேஷனல் இன்சூரன்ஸ் 1.84, பென்ஷன் 34 பென்ஸ். மைலேஜ் நாலு மைல், மைலுக்கு 35 பென்ஸ் என்றால் 1.40. கூட்டினால் 20.35.

இது கேரருக்கான செலவு மட்டும். ரெஜிஸ்டர்டு மேனேஜர், ரோட்டா போடுபவர், இரவு ஆன்-கால், மென்பொருள், இன்சூரன்ஸ், சி.க்யூ.சி கட்டணம், கையுறை, ஏப்ரன், வாடகை, ஆட்சேர்ப்பு, ஏதோ ஒரு லாபம், இத்தனைக்கும் 22 பவுண்டில் மிஞ்சுவது 1.65. அதில் யாராலும் நடத்த முடியாது. ஆனால் நடத்துகிறார்களே என்றால், எதையோ வெட்டித்தான் நடத்துகிறார்கள். முதலில் வெட்டுப்படுவது பயண நேரச் சம்பளம், அடுத்தது பயிற்சி. கேரருக்கான செலவு மொத்தத்தில் 70 சதவீதம் என்று கொண்டால் விலை 29 பவுண்டுக்கு வரும். நான் போட்டது தாழ்ந்த பக்கத்துக் கணக்கு. ஹோம் கேர் நிறுவனங்களின் சங்கமான ஹோம்கேர் அசோசியேஷன் 2025-26-க்கு இங்கிலாந்துக்குக் கணக்கிட்ட குறைந்தபட்ச விலை 32.14.

நேஷனல் இன்சூரன்ஸ் மாற்றம் இந்தத் தொழிலை எவ்வளவு அடித்தது என்பதையும் பதிலில் சேருங்கள். 2025 ஏப்ரலில் விகிதம் 13.8-லிருந்து 15 ஆனதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். பெரிய அடி அங்கே இல்லை. வரி தொடங்கும் எல்லை ஆண்டுக்கு 9,100-லிருந்து 5,000 பவுண்டுக்கு இறங்கியதில்தான் இருக்கிறது. வாரம் 30 மணி வேலை செய்யும் ஒருவருக்கு முதலாளி கட்டுவது ஆண்டுக்குச் சுமார் 1,207-லிருந்து 2,107 ஆனது. வாரம் 16 மணி மட்டும் செய்பவருக்கு 58-லிருந்து 774! பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டுப் பகுதிநேரம் வரும் பெண்களை நம்பியே ஓடும் தொழில் இது. சிறு முதலாளிகளுக்கான சலுகை 10,500 பவுண்டாக உயர்ந்தது, ஆனால் 15 பேருக்கு மேல் போனாலே அது கரைந்துவிடும்.

ஆகவே ஒரு தொகையைக் கேட்காதீர்கள். விலைச் சூத்திரத்தை ஒப்பந்த இணைப்பாக அச்சிடச் சொல்லுங்கள்: கூலி, பயண நிமிடம், விடுமுறை, பென்ஷன், மைலேஜ், மேல்செலவு, ஒவ்வொன்றும் தனி வரியாக. ஏப்ரலில் குறைந்தபட்சக் கூலி உயரும்போது கூலி வரிகள் தானாக உயர வேண்டும். 2026 ஏப்ரல் முதல் அது 12.71. உயரும்போதெல்லாம் "நிதிநிலை பார்த்து முடிவு செய்வோம்" என்று கவுன்சில் சொல்ல இடம் இருக்கக்கூடாது. 2022-இல் எல்லாக் கவுன்சிலும் கேரின் நியாயமான செலவைக் கணக்கிட்டாக வேண்டியிருந்தது. அந்த அறிக்கை உங்கள் கவுன்சில் இணையதளத்தில் இருக்கும். அன்று அவர்களே கண்ட தொகையையும் இன்று தரும் தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள்.

#3 ரோட்டா_மேசை

பேரேடு அண்ணை சொன்னது சரி. ஆனா விலை சரியா இருந்தாலும், நிமிசக் கணக்கில வாங்கினா ஆக்கள் நிக்கமாட்டினம்.

கேரர் உள்ள போகேக்க போனில பதியிறா, வெளிய வரேக்க திரும்பப் பதியிறா. அந்த நிமிசத்துக்குத்தான் கவுன்சில் காசு. 30 நிமிச விசிட்டை 22 நிமிசத்தில முடிச்சா 22-க்குத்தான் காசு. அடுத்த வீட்டில ஐயா விழுந்து கிடந்து 50 நிமிசம் நிண்டா, "அனுமதிச்சது 30" எண்டு வெட்டுப்படும். குறைஞ்சாலும் வெட்டு, கூடினாலும் வெட்டு. கம்பனி அதை அப்பிடியே கேரரிட்டத் தள்ளிவிடும்.

சின்ன விசிட்டின்ர விலையும் பிழை. ஒரு மணிக்கு 28 எண்டா அரை மணிக்கு 14, கால் மணிக்கு 7 எண்டு வகுத்துப் போடுகினம். ஆனா போற தூரம் வகுபடாது. வீட்டுக்கு 7 நிமிசப் பயணம் எண்டு வையுங்கோ. ஒரு மணி விசிட்டுக்குச் சம்பள நேரம் 67 நிமிசம், அரை மணிக்கு 37, கால் மணிக்கு 22. அப்ப அரை மணி விசிட்டின்ர விலை மணி விலையில 55 வீதம், கால் மணிக்கு 33 வீதம் இருக்கவேணும். கழுவித் துடைச்சு உடுப்பு மாத்திற வேலைக்குக் கால் மணி விசிட்டே வேண்டாம். மருந்து குடுத்தாச்சா எண்டு பாக்கிறதுக்கு மட்டும் அது சரி. நைஸ் (மருத்துவ, கேர் வழிகாட்டல் எழுதிற அமைப்பு) 2015-இல விட்ட வழிகாட்டலும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்லுது.

அடுத்தது நாள். காலமை 7-இல இருந்து 10:30 மட்டும் எல்லாருக்கும் ஆள் வேணும். பிறகு 12-இல இருந்து 2, பின்னேரம் 4-இல இருந்து 6, இரவு 7-இல இருந்து 10. வெளிக்கிட்டது காலமை 6:30-க்கு, வீட்ட வந்தது இரவு 10:15-க்கு, சம்பளம் ஏழு மணித்தியாலத்துக்கு. இடையில இருக்கிற நேரம் பஸ் ஸ்டாண்டில போகுது. வேலையை விட்டுப் போற ஆக்கள் சுப்பர்மார்க்கட்டுக்குப் போறதுக்குக் காரணம் மணிக்கு இருபது பென்ஸ் கூடக் கிடைக்கிறது மட்டுமில்லை. அங்க ஷிப்ட் தொடங்கினா முடியும் மட்டும் சம்பளம்.

இதைச் சரிசெய்ய வழி இருக்கு. 7-இல இருந்து 2:30, 2:30-இல இருந்து 10 எண்டு ஷிப்ட் சம்பளம் குடுக்கலாம். அதுக்குக் காலமை நெரிசலைக் குறைக்கவேணும். ஒவ்வொரு கேர் பிளானிலயும் இந்த விசிட் நேரம் தப்பக்கூடாததா, முன்னப் பின்னப் போகலாமா எண்டு குறிச்சு வையுங்கோ. பார்க்கின்சன் ஆளுக்கு லீவோடோபா மருந்து அரை மணி பிந்தினாலும் உடம்பு பூட்டிக்கொள்ளும், அதைத் தொடாதேங்கோ. இன்சுலினும் அப்பிடித்தான். ஆனா குளிக்க வாக்கிறது, உடுப்புத் தோய்க்கிறது, கடைக்குப் போறது எல்லாம் 11 மணிக்கும் செய்யலாம், 3 மணிக்கும் செய்யலாம். ஆளிட்டக் கேட்டு, அவை ஓம் எண்டா மாத்துங்கோ. கேக்காமல் மாத்தினா அது வேற பிரச்சினையாப் போயிடும்.

#4 கொள்முதல்_பக்கம்

கவுன்சில் பக்கத்தில் ஒப்பந்தம் எழுதுபவர்களின் பார்வையையும் சொல்ல வேண்டும்.

நிமிடக் கணக்கை ஒழித்துவிடச் சொன்னால் ஒரு சிக்கல் உண்டு. கேர் பெறுபவர்களில் பலர் வருமானத்துக்கேற்பப் பங்கு கட்டுகிறார்கள். 22 நிமிடம் வந்த கேரருக்கு 30 நிமிடக் காசு ஏன் என்று அவர்கள் கேட்பது நியாயம். நடுவழி இது: திட்டமிட்ட நேரத்துக்குப் பணம். நான்கு வாரத்துக்கு ஒரு முறை மொத்த நிமிடத்தைக் கூட்டிப் பார்ப்பது. திட்டத்தில் 90 சதவீதத்துக்குக் கீழே போனால், பணத்தை வெட்டுவதற்கு முன் அந்த கேர் பிளானை மறுபரிசீலனை செய்வது. தொடர்ந்து குறைகிறது என்றால் ஒன்று கேரர் அவசரப்படுகிறார், அல்லது அந்த ஆளுக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை. இரண்டுக்கும் மருந்து வேறு.

விலையை மட்டும் உயர்த்தினால் கேரர் கைக்குப் போகும் என்ற உத்தரவாதமும் இல்லை. இங்கிலாந்தில் பதிவான ஹோம் கேர் அலுவலகங்கள் 12,000-ஐத் தாண்டிவிட்டன. பல பரோக்களில் இன்று நிறுவனங்களுக்குப் பஞ்சமில்லை. ஒரே தெருவில் ஐந்து நிறுவனத்துக் கேரர்கள் ஐந்து கார்களில் ஒருவரையொருவர் கடந்து போகிறார்கள். ஏலப் பட்டியலில் ஒவ்வொரு கேர் பேக்கேஜையும் தனித்தனியாக விட்டு, குறைந்த விலைக்காரருக்குக் கொடுத்ததன் விளைவு இது. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் நாலு மூலையில் நாலு வீடு. பேரேடு சொன்ன 11 நிமிடம் அங்கே 20 ஆகிறது.

பகுதி பிரித்துக் கொடுப்பதே இதற்கு வழி. பரோவை ஜி.பி சர்ஜரிகளை (குடும்ப மருத்துவர் கிளினிக்) ஒட்டி ஆறேழு பகுதியாகப் பிரித்து, பகுதிக்கு இரண்டு அல்லது மூன்று நிறுவனம். வாரத்துக்கு இவ்வளவு மணி நேரம் என்பதில் ஒரு பங்குக்கு உத்தரவாதம் கொடுத்தால் அவர்கள் கேரருக்கு நிரந்தர மணிநேர ஒப்பந்தம் கொடுக்க முடியும். உத்தரவாதம் கொடுக்காமல் "ஜீரோ அவர்ஸ் (மணி நேர உறுதி இல்லாத வேலை) கூடாது" என்று மட்டும் எழுதுவது, ரிஸ்க் முழுவதையும் நிறுவனத்தின் தலையில் கட்டுவது. ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போனால் முதல் ஏழு நாளுக்கு இடத்தைப் பிடித்து வைக்கும் பணமும் கொடுங்கள். அது இல்லாவிட்டால் மறுநாளே அந்தக் கேரரை வேறு ரோட்டாவுக்கு மாற்றிவிடுவார்கள். டிஸ்சார்ஜ் ஆகி வரும்போது பழகிய முகம் இருக்காது, சில நேரம் முகமே இருக்காது.

பகுதிக்கு ஒரே நிறுவனம் என்று மட்டும் போகாதீர்கள். அது விழுந்தால் தாங்க ஆள் இல்லை.

#5 சிறுகடை

இந்தப் பகுதிப் பிரிப்பில் முதலில் காணாமல் போவது சிறு நிறுவனங்கள். இருபது முப்பது கேரர்களோடு, தமிழோ குஜராத்தியோ சோமாலியோ பேசும் வீடுகளுக்கு மட்டும் போகும் நிறுவனங்களுக்குப் பகுதி கிடையாது. அவர்கள் பார்க்கும் வீடுகள் பரோ முழுக்கச் சிதறித்தான் இருக்கும். டெண்டரில் முந்தைய மூன்றாண்டு விற்றுமுதல் இவ்வளவு இருக்க வேண்டும் என்று ஒரு வரி போட்டாலே போதும், எல்லோரும் வெளியே.

#6 கொள்முதல்_பக்கம்

சிறுகடை சொல்வது உண்மை. அதற்கு மூன்று வாசல் வைக்கலாம். மொழி, உணவு, மதம் சார்ந்த தேவைக்குப் பரோ முழுவதற்குமான தனி லாட் (ஒப்பந்தப் பங்கு) ஒன்று. விற்றுமுதல் நிபந்தனையை ஏலம் கேட்கும் லாட்டின் அளவோடு மட்டும் பொருத்துவது. மூன்றாவது, 2025 பிப்ரவரி 24 முதல் நடப்பில் உள்ள 2023 கொள்முதல் சட்டத்தில், கேர் பெறுபவர் தானே நிறுவனத்தைத் தேர்ந்தால் நேரடியாக ஒப்பந்தம் கொடுக்க இடம் இருக்கிறது. பல கவுன்சில்கள் அதைப் பயன்படுத்துவதில்லை. பதிலில் கேளுங்கள்.

நிறுவனம் மாறும்போது கேரர்கள் டூபே (தொழில் கைமாறும்போது ஊழியரைக் காக்கும்) விதிப்படி புது நிறுவனத்துக்கு மாறும் உரிமை உடையவர்கள். பழைய நிறுவனம் அவர்களின் சம்பளம், விடுமுறை நிலுவை விவரங்களை மாற்றத்துக்குக் குறைந்தது 28 நாள் முன்பாகக் கொடுத்தாக வேண்டும். மாற்றக் காலத்தை நாலு வாரமாக வைத்தால் எல்லாம் குழம்பும், பன்னிரண்டு வாரம் கேளுங்கள். பகுதிப் பிரிப்பு என்ற பெயரில் பத்து வருடம் பழகிய கேரரை ஒரு பாட்டியிடமிருந்து பிரிப்பது நடக்கக்கூடாது. பிடிக்காதவர் டைரக்ட் பேமென்ட் (கேருக்கான பணத்தைக் கவுன்சிலிடமிருந்து கையில் வாங்கித் தானே ஏற்பாடு செய்வது) எடுத்துப் பழைய நிறுவனத்தோடேயே தொடரலாம் என்பதைக் கடிதத்தில் முதல் பத்தியிலேயே சொல்ல வேண்டும்.

#7 ஓ.டி_குறிப்பு

மணி நேரம் மிச்சமாகும் இடம் ஒன்று இருக்கிறது, இழையில் வரவில்லை. இரண்டு கேரர் சேர்ந்து போகும் விசிட்டுகள். பழைய மதிப்பீட்டில் "ஹாய்ஸ்ட் (ஆளைத் தூக்கும் கருவி) என்றால் இரண்டு பேர்" என்று எழுதி வைத்தது வருடக்கணக்கில் தொடரும். படுக்கையிலேயே நிரந்தரமாக இருக்கும் வழுக்கு விரிப்பு, சீலிங் ஹாய்ஸ்ட், எழுந்து நிற்கச் சக்தி உள்ளவர்களுக்கு ஸ்டெடி போன்ற கருவி, இவை இருந்தால் பலருக்கு ஒருவரே பாதுகாப்பாகச் செய்யலாம். ஒருவருக்கு நாளுக்கு நாலு விசிட், ஒவ்வொன்றும் அரை மணி என்றால், இரண்டாவது ஆள் விடுபடும்போது வாரத்துக்கு 14 மணி நேரம் மிச்சம்.

ஆனால் வரிசை முக்கியம். முதலில் ஓ.டி (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும். பிறகு கருவி வந்து பொருத்த வேண்டும். பிறகு அந்த வீட்டிலேயே, அந்த ஆளோடேயே கேரர்களுக்குப் பயிற்சி. ஒரு வாரம் இரண்டு பேராகச் செய்து பார்த்து, கடைசியில்தான் இரண்டாவது ஆளை எடுக்க வேண்டும். சேமிப்பு இலக்கைத் துரத்தும் இடங்களில் இது தலைகீழாகிறது. ஆளை எடுத்துவிட்டுக் கருவிக்கு ஆர்டர் போடுகிறார்கள். முதுகு போவது கேரருக்கு, தோல் கிழிவது படுத்திருப்பவருக்கு. இரவில் உதறும் நோய் உள்ளவர், பயத்தில் கையைப் பிடித்து இழுப்பவர், வலி கூடியவர் ஆகியோருக்கு இரண்டு பேர்தான்.

#8 தேம்ஸ்கரை

நன்றி. 14 மணி நேரக் கணக்கு நேரே பதிலில் போகும். விசாவில் வந்த கேரர்கள் பற்றி யாராவது? எங்கள் பரோவில், வெளிநாட்டு ஆட்களை விசாவில் ஸ்பான்சர் செய்யும் லைசென்ஸ் போன நிறுவனங்களின் ஆட்கள் நடுத்தெருவில் நிற்கிறார்கள்.

#9 படிவம்_பார்ப்பவர்

காலவரிசை தெரிந்தால் சிக்கல் புரியும். 2022 பிப்ரவரியில் கேரர் வேலை ஹெல்த் அண்டு கேர் விசாவுக்குள் வந்தது. ஸ்கில்ஸ் ஃபார் கேர் (கேர் பணியாளர் தரவு திரட்டும் அமைப்பு) கணக்கில் 2021-22-இல் 10 சதவீதத்துக்கு மேல் இருந்த காலியிடங்கள் 2024-25-இல் 7 சதவீதமாக, சுமார் 1,11,000-ஆகக் குறைந்ததற்கு இந்த விசாவே பெரும் காரணம். 2024 மார்ச் 11 முதல் புதிதாக வரும் கேரர்கள் மனைவி மக்களைக் கூட்டிவர முடியாது, ஸ்பான்சர் நிறுவனம் சி.க்யூ.சி பதிவில் இருக்க வேண்டும். 2025 ஜூலை 22-இல் வெளிநாட்டிலிருந்து புதிதாக எடுப்பது நின்றது. ஏற்கெனவே நாட்டுக்குள் இருப்பவர்கள் விசா மாறுவதற்கு 2028 ஜூலை வரை இடம் உண்டு, ஆனால் அந்த ஸ்பான்சரிடம் மூன்று மாதமாவது சட்டப்படி வேலை பார்த்திருக்க வேண்டும்.

வெளியே கதவு அடைத்தாயிற்று, உள்ளே பயிற்சி பெற்ற ஆட்கள் வேலையில்லாமல் இருக்கிறார்கள். இதைப் பயன்படுத்தாத கவுன்சில் தன் கையை தானே கட்டிக்கொள்கிறது.

லைசென்ஸ் ரத்தானவருக்கு ஹோம் ஆபீஸ் கடிதம் வரும். பொதுவாக 60 நாள், விசாவில் அதைவிடக் குறைவாக மீதி இருந்தால் அவ்வளவுதான். நிறுவனம் மூடிய நாளிலிருந்து நாள் எண்ண வேண்டாம், கடிதத்தில் உள்ள தேதிதான் கணக்கு. அதற்குள் புது ஸ்பான்சரின் சான்றிதழோடு விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். விண்ணப்பம் போட்டுவிட்டுப் புது இடத்தில் உடனே வேலை தொடங்குவது நிறையப் பேர் செய்யும் தவறு. முடிவு வந்த பிறகே தொடங்கலாம். சம்பளம் ஆண்டுக்கு 25,000, மணிக்கு 12.82-க்குக் குறையக்கூடாது. 37.5 மணி வார வேலையில் இரண்டும் ஒன்றுதான். ரோட்டாவில் 25 மணி மட்டும் கொடுக்கும் நிறுவனத்துக்கு இவரை ஸ்பான்சர் செய்யவே முடியாது. பகுதிப் பிரிப்பும் உத்தரவாத மணி நேரமும் இங்கேதான் உதவுகின்றன.

2024 டிசம்பர் 31 முதல் கொடுக்கும் ஸ்பான்சர் சான்றிதழின் கட்டணத்தைக் கேரரிடம் வசூலிக்க முடியாது. சம்பளத்தில் மாதாமாதம் "நிர்வாகச் செலவு" என்று பிடித்திருந்தால் பே-ஸ்லிப்பை வைத்துக்கொண்டு ஏகாஸிடம் (வேலைத் தகராறுகளுக்கு ஆலோசனை தரும் அமைப்பு) பேசுங்கள். கவுன்சில் ஒப்பந்தத்தில் கேட்க வேண்டியது: ஸ்பான்சர் செய்த கேரர்களின் எண்ணிக்கை, சான்றிதழில் எழுதிய மணி நேரம், உண்மையில் கொடுத்த மணி நேரம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை. பொய்யர்கள் இந்த ஒரு அட்டவணையிலேயே சிக்குவார்கள். வெளிநாட்டுக் கேரர்களுக்கு உதவும் பிராந்திய மையங்கள் வேலை இழந்தவர்களின் பட்டியலை வைத்திருக்கின்றன, புதிய ஒப்பந்தக்காரர்கள் முதலில் அங்கே தேட வேண்டும் என்ற நிபந்தனையும் போடலாம்.

இன்னொன்று, கார். இந்திய, இலங்கை ஓட்டுநர் உரிமம் இங்கே 12 மாதம்தான் செல்லும், நேராக மாற்றித் தர மாட்டார்கள். பிராவிஷனல் (கற்போர் உரிமம்) எடுத்து, தியரி எழுதி, பிராக்டிகல் தேர்வு தேதிக்குக் காத்திருக்க வேண்டும். நெருக்கமான பரோவில் நடந்து போகும் ரோட்டா, இ-பைக் ரோட்டா என்று பிரித்தால் நல்ல கேரர்கள் வீணாக மாட்டார்கள்.

#10 பயிற்சி_அறை

புதுக் கேரர்களுக்கான அடிப்படைப் பயிற்சியான கேர் சர்டிஃபிகேட் பற்றிச் சுருக்கமாக. 2025-இலிருந்து 16 தரநிலைகள். வினாத்தாளை ஆன்லைனில் ஒரே நாளில் முடித்துச் சான்றிதழ் அச்சடிப்பது பரவலாக நடக்கிறது. வேலையிடத்தில் மேற்பார்வையாளர் கண்ணால் பார்த்துக் கையெழுத்திடாத சான்றிதழ் செல்லாது. அதை நம்பாமல் அடுத்த நிறுவனம் முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி செய்யச் சொல்லும். கேரருக்கு அதே பாடம் நாலாவது முறை. 2024-இல் வந்த லெவல் 2 தகுதி வெளியே மதிப்பிட்டுக் கொடுப்பது, நிறுவனம் மாறினாலும் கூடவே வரும். பரோவில் உள்ள எல்லா நிறுவனமும் இதை ஏற்பதாக ஒப்பந்தத்தில் எழுதுங்கள். கட்டணத்தைத் திரும்பப் பெற அரசுத் திட்டம் இருக்கிறது, ஆனால் ஸ்கில்ஸ் ஃபார் கேரின் பணியாளர் தரவுக் கணக்கில் தகவல் புதுப்பித்திருக்க வேண்டும். சிறு நிறுவனங்கள் காசை இழப்பது இந்த இடத்தில்தான்.

இன்சுலின், வயிற்றுக் குழாய் வழி உணவு போன்றவற்றை மாவட்ட நர்ஸ் கேரரிடம் ஒப்படைப்பது கூடிக்கொண்டே போகிறது. அந்த அனுமதி இந்தக் கேரருக்கு, இந்த நோயாளிக்கு மட்டும். அடுத்த வீட்டுக்குச் செல்லாது. ரோட்டாவில் மாற்றாளுக்கும் அனுமதி இருக்கிறதா என்று பார்க்காமல் விட்டால் ஞாயிறு காலையில் இன்சுலின் போட ஆள் இருக்காது. நர்ஸ் வேலையைக் கேரர் செய்கிறார் என்றால் அதற்குரிய காசு என்.ஹெச்.எஸ் பக்கத்திலிருந்து வர வேண்டும், அதையும் கேளுங்கள்.

#11 தேம்ஸ்கரை

எங்கள் குழுவில் தமிழ் முதியவர்கள் பலர். டிமென்ஷியா வந்தபின் ஆங்கிலம் போய்விட்டது. டைரக்ட் பேமென்டில் தமிழ் பேசும் ஆளை வைப்பது எவ்வளவு நடைமுறை?

#12 கைப்பணம்

நடைமுறைதான் அக்கா, ஆனால் குடும்பம் முதலாளி ஆகிறது என்பதைச் சொல்லாமல் தலையில் கட்டுகிறார்கள். வருமான வரித் துறையில் முதலாளியாகப் பதிய வேண்டும், பே-ரோல் ஓட்ட வேண்டும், எம்ப்ளாயர்ஸ் லயபிலிட்டி இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும், 5.6 வார விடுமுறை, தேவையானால் பென்ஷன். "செல்ஃப் எம்ப்ளாய்டு என்று போட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். நேரத்தையும் வேலையையும் நீங்கள் முடிவு செய்தால் அவர் உங்கள் ஊழியர். பின்னால் வரும் வரி பாக்கி உங்களுடையது. தனி ஆளாக நீங்களே மேல்நிலை டி.பி.எஸ் (குற்றப் பின்னணி) சோதனை கேட்க முடியாது, கவுன்சில் அல்லது பதிவுபெற்ற அமைப்பு வழியாகத்தான். ஒரே வீட்டில் வசிக்கும் நெருங்கிய உறவினருக்கு இந்தப் பணத்தில் சம்பளம் கொடுக்க, அது அவசியம் என்று கவுன்சில் ஏற்க வேண்டும்.

கவுன்சில் தரும் டைரக்ட் பேமென்ட் விகிதம் ஏஜென்சி விகிதத்தைவிடக் குறைவாக இருக்கும். அதில் கூலி போக இன்சூரன்ஸ், பே-ரோல், விடுமுறை மாற்றாள், வேலை முடிந்தால் கொடுக்க வேண்டிய இழப்பீடு எல்லாம் அடங்குகிறதா என்று பாருங்கள். அடங்காவிட்டால் மதிப்பீட்டை மறுபடி கேளுங்கள்.

மொழி மட்டும் போதாது என்பதற்கு ஒரு உதாரணம், சாப்பாடு. விழுங்கச் சிரமப்படுபவருக்கு உணவுப் பதத்தை ஐ.டி.டி.எஸ்.ஐ எண்ணில் ஸ்பீச் தெரபிஸ்ட் எழுதிக் கொடுப்பார். 5 என்றால் ஈரமாக, துண்டு 4 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல், ஃபோர்க் பல்லிடுக்கில் நுழையும் அளவு. தமிழ்க் கேரர் அன்போடு ரசம் சோறு பிசைந்து கொடுப்பார். அதில் ரசம் தண்ணீராக முதலில் தொண்டைக்குள் ஓடும், பருக்கை தனித்தனியாகப் பின்னால் வரும். புரையேறி நெஞ்சுச்சளி, ஆஸ்பத்திரி. இடியப்பமும் சொதியும் அதே கதைதான். சோற்றைக் குழைய வேகவைத்து, கெட்டிப் பருப்போடு மசித்து, மேலே தண்ணீர் தனியே நிற்காத பதத்தில் கொடுத்தால் பலருக்கு ஒத்துக்கொள்ளும், தெரபிஸ்டிடம் அதே கிண்ணத்தைக் காட்டிக் கேளுங்கள். ஆங்கிலக் கேரருக்கு இந்தச் சாப்பாடு தெரியாது, தமிழ்க் கேரருக்கு இந்த எண் தெரியாது. பயிற்சிப் பணத்தில் ஒரு பங்கை இதற்குக் கேளுங்கள்.

#13 மேல்மாடி

கேர் ஹோம் பக்கமும் ஒரு வார்த்தை. 2011-இல் சதர்ன் கிராஸ் விழுந்தபோது 31,000 முதியவர்கள் அதன் கட்டடங்களில் இருந்தார்கள். கட்டடத்தை விற்று வாடகைக்கு எடுத்த வியாபாரம் அது. அதன்பின் வந்த கேர் சட்டம், நிறுவனம் விழுந்தால் யாருடைய காசில் இருப்பவரானாலும் இடையில் கவனிக்கும் பொறுப்பைக் கவுன்சிலுக்குக் கொடுத்தது. விழுவதற்கு முன் அறிகுறி தெரியும்: ரெஜிஸ்டர்டு மேனேஜர் போய் மாதக்கணக்கில் ஆள் இல்லை, ஏஜென்சி ஆட்கள் கூடுகிறார்கள், கம்பெனிக் கணக்கு தாமதம், சம்பளம் இரண்டு நாள் பிந்துகிறது. கவுன்சில் இவற்றைப் பட்டியல் போட்டு மாதாமாதம் பார்க்கிறதா என்று கேளுங்கள்.

#14 ரோட்டா_மேசை

நியாயச் சம்பள ஒப்பந்தம் வருது, எல்லாம் சரியாயிடும் எண்டு சிலபேர் சொல்லுகினம். 2025 வேலை உரிமைச் சட்டத்தில அதுக்கு வழி வைச்சிருக்கு, 50 கோடி பவுண்டும் சொல்லியிருக்கினம். ஆனா நடப்புக்கு வாறது 2028-இல. உங்கட ஒப்பந்தம் அதுக்கு முந்தியே தொடங்குது. அந்தச் சம்பளம் வந்தா விலை திருத்தப்படும் எண்டு இப்பவே ஒரு வரி போட்டு வையுங்கோ.

#15 தேம்ஸ்கரை

கடைசியாக ஒன்று. பயணச் சம்பளம் கொடுக்கிறோம் என்று எல்லா நிறுவனமும் டெண்டரில் டிக் போடும். உண்மையா என்று கவுன்சில் எப்படிப் பார்ப்பது?

#16 பேரேடு

பே-ஸ்லிப் மாதிரி கேளுங்கள். ஒவ்வொரு காலாண்டும் கவுன்சிலே தேர்ந்தெடுத்த பத்துக் கேரர்களின் பெயர் நீக்கிய பே-ஸ்லிப்பும், அதே வாரத்தின் ஈ.சி.எம் பதிவும் (கேரர் உள்ளே போன, வெளியே வந்த நேரத்தைப் போனில் பதியும் முறை). பே-ஸ்லிப்பில் வீட்டு நேரம், பயண நேரம் இரண்டும் தனி வரியாக இருக்க வேண்டும்.

பிறகு ஒரு வகுத்தல். "எங்கள் கேரருக்கு மணிக்கு 13.50, குறைந்தபட்சத்தைவிட அதிகம், பயணமும் அதில் அடக்கம்" என்பார்கள். வீடுகளுக்குள் 28 மணி, 13.50 வீதம் 378 பவுண்டு. வீடு விட்டு வீடு போன நேரத்தையும் சேர்த்தால் வேலை 33 மணி. 378-ஐ 33-ஆல் வகுத்தால் 11.45. 2025-26 விகிதத்தில் சட்டம் கேட்பது 12.21, அதாவது 402.93. அந்த ஒரு வாரத்தில் மட்டும் கேரருக்கு 24.93 பவுண்டு பாக்கி. வீட்டிலிருந்து முதல் விசிட்டுக்கும், கடைசி விசிட்டிலிருந்து வீட்டுக்கும் போகும் நேரத்தைச் சேர்க்காதீர்கள், அது கணக்கில் வராது. மைலேஜ் பணத்தையும் கூலியாக எண்ண விடாதீர்கள், அது செலவைத் திருப்பிக் கொடுப்பது. பே-ஸ்லிப்பில் பயண வரியே இல்லாவிட்டால், ஈ.சி.எம் பதிவில் ஒரு வீட்டை விட்டு வெளியே வந்த நேரத்துக்கும் அடுத்த வீட்டுக்குள் போன நேரத்துக்கும் உள்ள இடைவெளியை எடுத்து, வரைபடத்தில் அந்தத் தூரத்துக்கு ஆகும் நிமிடத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பத்துப் பேருக்கு இதைச் செய்து முடிக்க ஒரு ஆளுக்கு அரை நாள் போதும்.